வண்டி நிற்கிற நிலம்

மியூசியங்களைப் பற்றி நம்மிடம் எழுதப்பட்டிருப்பவை பெரும்பாலும் சுவருக்கு உள்ளே இருப்பவற்றைப் பற்றியவை. எந்தச் சிலை எந்த நூற்றாண்டு, எந்த வெள்ளைக்காரர் எதைத் தோண்டி எடுத்தார், எந்தக் கவர்னர் எந்தக் கூடத்தைத் திறந்துவைத்தார். வாசலுக்கும் சாலைக்கும் நடுவே கிடக்கிற தரை யாருடைய சரித்திரத்திலும் வருவதில்லை. பார்க்க வருகிறவன் முதலில் கால் வைப்பது அந்தத் தரையில்தான். மியூசியம் பெருக்கும்போது முதலில் சுருங்குவதும் அதுதான்.

ஒரே தரையின் மேல் இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. இன்னொரு கூடம் கட்ட வேண்டும் என்பது ஒன்று. வருகிற வண்டிகள் நிற்க இடம் வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது நிறைவேறுவதாலேயே இரண்டாவது பெரிதாகிறது. கூடம் கூடினால் ஜனம் கூடும், ஜனம் கூடினால் வண்டி கூடும். ஆனால் அந்தக் கூடம் எழும்பியதே வண்டி நின்றிருக்கக்கூடிய இடத்தில். இது இன்ஜினியர்களின் பிரச்னை, கவிதையும் விமர்சனமும் வருகிற பத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று ஒரு வாசகர் கேட்கலாம். நம்முடைய பழமை எது, அதைப் பார்க்க உரிமையுள்ளவன் யார் என்று ஒரு சமூகம் வாயால் சொல்வது ஒன்று, நிலத்தைப் பங்கு போடும்போது செய்து காட்டுவது வேறொன்று. இரண்டாவதைத்தான் நான் இங்கே பார்க்க முயல்கிறேன்.

எழும்பூர் மியூசியத்தை நிலக்கணக்காக வாசித்துப் பார்க்கலாம். 1778-இல் கம்பெனி உத்தியோகஸ்தர் ஒருவருக்குச் சென்னை கவர்னர் கொடுத்தது 43 ஏக்கர். 1793-இல் அது ஊரின் பொதுக் கேளிக்கைகளை நிர்வகித்த 24 பேர் கொண்ட கமிட்டியின் கைக்குப் போயிற்று. வெள்ளைக்காரச் சென்னை ஆடவும் விருந்துண்ணவும் கூடிய அந்த இடத்துக்குப் பாந்தியன் என்று பெயர். இன்றும் சாலையின் பெயராக அது நிற்கிறது. 1821-இல் பிரதான வீட்டையும் நடுத்தோட்டத்தையும் மூரட் என்ற ஆர்மீனிய வியாபாரிக்கு விற்றார்கள். 1830-இல் அரசாங்கம் அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் 1851-இல் தொடங்கிய மியூசியம் 1854-இல் இங்கே குடிபெயர்ந்தது.

அதன் முதல் அதிகாரி எட்வர்டு பால்ஃபர் ஜனங்களை உள்ளே வரவழைக்கத் தெரிந்தவர். கல்லும் சங்கும் பாடம் செய்த பறவையும் பார்க்க வராதவர்கள் உயிருள்ள மிருகங்களைப் பார்க்க வருவார்கள் என்று அவர் கண்டுகொண்டார். 1855-இல் மியூசிய வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சி சாலை தொடங்கிற்று. அது பெருத்து, 1860-களின் தொடக்கத்தில் சென்டிரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயிற்று. 1985-இல் அங்கிருந்து வண்டலூருக்குப் போயிற்று. சென்னை ஜனங்கள் இந்த இரண்டு ஸ்தாபனங்களுக்கும் வைத்த பெயர்கள் பிரசித்தமானவை. மியூசியம் ‘செத்த காலேஜ்’, மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’. எந்தக் கியூரேட்டரும் இவ்வளவு சுருக்கமாகத் தன் இலாகாவை விவரித்ததில்லை. காலேஜுக்குள் போகக் கொடுத்துவைக்காதவர்கள் தங்களுக்கென்று இரண்டு காலேஜ்களை வைத்துக்கொண்டார்கள் என்றும் அந்தப் பெயர்களைப் படிக்கலாம்.

பிறகு கட்டடங்கள் வரிசையாக எழும்பின. 1896-இல் கன்னிமரா நூலகம். ஏறக்குறைய அதே சமயத்தில் மியூசியம் தியேட்டர். 1906-இல் அஸ்திவாரமிட்டு 1909-இல் திறந்த, ஹென்றி இர்வின் வரைந்த விக்டோரியா நினைவு மண்டபம். 1951-இல் தேசியக் கலைக்கூடமானது இந்த மண்டபம்தான். சிவப்புக் கல்லில் கட்டிய அந்த அழகான கட்டடம் பழுது காரணமாகப் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 1984-இல் சமகாலக் கலைக்கூடம் வந்தது. இன்று வளாகத்தின் பரப்பு 16.25 ஏக்கர், உள்ளே ஆறு கட்டடங்கள், 46 காட்சிக்கூடங்கள். முதலில் கொடுத்த 43 ஏக்கரில் பாதிகூட மியூசியத்தின் கையில் இல்லை. இருப்பதிலும் ஒவ்வொரு தலைமுறையும் ஒரு கட்டடத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

எந்தக் கட்டடத்தையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கன்னிமராவில் உட்கார்ந்து படித்த நாட்கள் இல்லாமல் நான் இந்தப் பக்கங்களில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் கட்டடங்களுக்கு இடையில் மீந்த தரை என்னவாயிற்று என்பது தனிக் கதை. காணும் பொங்கல் அன்று செத்த காலேஜுக்கு வந்த குடும்பங்கள் நடந்து வந்தவை, பஸ்ஸிலும் ரயிலிலும் வந்தவை. அவர்களுக்கு நிறுத்த எதுவும் இல்லை, உட்காரத்தான் இடம் வேண்டியிருந்தது. மரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து கட்டுச்சோறு சாப்பிடுகிற இடமும் மியூசியம்தான் அவர்களுக்கு. தரைக்கு அப்போது வேறு உபயோகம் இருந்தது. மோட்டார் வந்த பிறகு அதே தரைக்குக் கோடு போட வேண்டியதாயிற்று. மியூசியம், நூலகம், தியேட்டர் என்று மூன்று ஸ்தாபனங்களுக்கு வருகிறவர்களின் வண்டிகள் அடுத்தடுத்து நிற்கிற இடத்தில் மரத்தடிக்கு அர்த்தம் மாறிவிடுகிறது. ‘நிழலில் வண்டியைப் போடு’ என்கிறோம். நிழல் முதலில் மனிதனுக்கு என்று இருந்தது.

வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்பது கைப்பழக்கம். ஒரு கார் நிற்க நம் கட்டட விதிகள் எடுத்துக்கொள்கிற அளவு இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர். கார் பறந்து வந்து உட்காருவதில்லை. உள்ளே வர, திரும்ப, வெளியேற வழி வேண்டும். அதையும் சேர்த்தால் காரொன்றுக்குச் சுமார் 25 சதுர மீட்டர் ஆகிவிடும். நம் சிற்றூர்களில் ஒரு குடும்பம் சமைத்து உண்டு உறங்குகிற வீடு பல சமயம் இவ்வளவுதான். 100 கார்களுக்கு 2,500 சதுர மீட்டர், அரை ஏக்கருக்கு மேல். தளப்பரப்பு கூடக்கூட நிறுத்துமிடமும் கூட வேண்டும் என்று விதி சொல்கிறது. நகரத்தின் சாலைகளை நினைத்தால் அந்த விதியில் நியாயம் உண்டு. ஆனால் ஓவியத்துக்கும் சிலைக்கும் ஒரு சுவர் கேட்கிற மியூசியம், கூடவே தன் முற்றத்தையும் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

மற்ற ஊர்கள் என்ன செய்தன? பாரிஸில் லூவர் மாளிகையின் ஒரு பெரிய சிறகில் நிதி அமைச்சகம் இருந்தது. நடு முற்றமான நெப்போலியன் முற்றத்தில் அதன் ஊழியர்களின் கார்கள் நின்றன. உலகத்தின் ஆகப்பெரிய கலைச் சேகரங்களில் ஒன்றின் நடுவீடு ஒரு ஆபீஸின் கார் கொட்டிலாக இருந்தது. 1981-இல் மித்தரான் மியூசியத்தை விரிவாக்குவதாக அறிவித்தார். அமைச்சகம் வெளியேற வேண்டியதாயிற்று. கார்கள் நின்ற இடத்தில் 1989-இல் ஐ.எம்.பெய் வரைந்த கண்ணாடிப் பிரமிடு வாசலாக நின்றது. மாளிகையின் முற்றங்களைத் தோண்டும்போது மத்திய காலக் கோட்டையும் பழைய குடியிருப்புகளின் தடயங்களும் வெளிப்பட்டன. கோட்டையின் அகழிச் சுவர்களை இன்று மியூசியத்துக்குள்ளேயே நடந்து பார்க்கலாம். பிரமிடின் அழகைப் பற்றி அங்கே பெரிய சண்டை நடந்தது. அந்தச் சண்டையில், ஒரு ராஜாங்க இலாகாவின் வண்டிகளை வெளியே அனுப்பி முற்றத்தைப் பார்வையாளனுக்குத் திருப்பிக் கொடுத்த காரியம் போதிய அளவு கவனிக்கப்படவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு எதிர்த் திசையில் நடந்தது லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி கலை மியூசியத்தின் விரிவாக்கம். காரில்லாமல் நகர முடியாத ஊர் அது. 2008-இல் திறந்த புதிய கட்டடத்தோடு நிலத்தடியில் வண்டி நிறுத்துமிடமும் திட்டமாயிற்று. 2006-இல் அதற்காகத் தோண்டினார்கள். அந்த மியூசியம் நிற்பது லா பிரேயா தார்க்குட்டைகளின் பக்கத்தில். ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் விலங்குகள் தாரில் சிக்கி மாண்ட இடம். காருக்காகப் பறித்த குழியில் 16 புதைபடிவத் திரள்கள் அகப்பட்டன. அவற்றை மண்ணோடு மண்ணாகப் பெயர்த்து 23 பெரிய மரப்பெட்டிகளில் வைத்தார்கள். ஏறக்குறைய முழு எலும்புக்கூடாக ஒரு மாமூத் யானையும் கிடைத்தது. பெட்டிகளைப் பிரித்து ஆராய்கிற வேலை வருஷக்கணக்காகத் தொடர்ந்தது. ஒரு மியூசியத்துக்கு வண்டி நிறுத்த இடம் தேடியதில் பக்கத்து மியூசியத்துக்கு ஒரு தலைமுறைக்கான வேலை கிடைத்தது.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த ஊரில் தோண்டும்போது நிறுத்திப் பார்க்க ஆள் இருந்தது, பெயர்த்து வைக்கப் பணம் இருந்தது, வைக்கக் கொட்டகை இருந்தது. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் அதே குழி எப்படி முடிந்திருக்கும் என்பதுதான் நமக்குரிய கேள்வி. அந்தக் கேள்வியோடு என் பக்கத்து நிலத்துக்கு வருகிறேன்.

சாயர்புரத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் போய் ஆற்றைக் கடந்து, திருநெல்வேலிச் சாலையில் மேற்கே திரும்பினால் ஆதிச்சநல்லூர். தாமிரபரணியின் தென்கரையில், வயல்களைவிடச் சற்று உயர்ந்து கிடக்கிற செம்மண் மேடு. பரம்பு என்பார்கள். இந்த மேட்டை 1876-இல் பெர்லினைச் சேர்ந்த யாகோர் தோண்டினார். கிடைத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை அலெக்ஸாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். தாழிகள், இரும்பு ஆயுதங்கள், வெண்கலப் பாத்திரங்கள், நெற்றியில் கட்டும் மெல்லிய பொன் பட்டங்கள் எல்லாம் எழும்பூருக்குப் போயின. நடுவில் பிரெஞ்சுக்காரர் லூயி லாப்பிக் வந்து தோண்டி, மண்டையோடுகளைப் பாரிஸுக்கு எடுத்துப் போனார். ரீ தொகுத்த பட்டியலைச் சென்னை மியூசியம் 1915-இல் அச்சிட்டது. நான் மேலே நிலக்கணக்கு போட்ட அந்த எழும்பூர் வளாகம் வளர்ந்ததில் எங்கள் ஆற்றங்கரைக்கும் பங்கு உண்டு. தன் ஊர் மண்ணில் கிடைத்ததைப் பார்க்க இந்தப் பக்கத்துக்காரன் 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் போக வேண்டியிருந்தது. அவனை யாரும் பார்வையாளனாகக் கணக்கில் வைத்திருக்கவில்லை.

ஒரு நூற்றாண்டு சும்மா கிடந்த மேட்டை 2004-லும் 2005-லும் மத்தியத் தொல்லியல் துறை சத்தியமூர்த்தியின் தலைமையில் மறுபடி தோண்டிற்று. பாறையைக் குடைந்த குழிகளில் தாழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கில் கிடந்தன. 2019-இல் வெளியான கரிமக் காலக்கணிப்பு கி.மு. 905, கி.மு. 696 என்ற இரண்டு ஆண்டுகளைத் தந்தது. 2020-ஆம் ஆண்டின் மத்திய பட்ஜெட்டில் அந்தந்த இடத்திலேயே மியூசியம் அமைக்கும் ஐந்து தொல்லிடங்களில் ஒன்றாக ஆதிச்சநல்லூர் அறிவிக்கப்பட்டது. 2021-இல் மீண்டும் அகழாய்வு தொடங்கிற்று. 2023 ஆகஸ்ட் 5-ஆம் தேதி மியூசியத்துக்கு அடிக்கல் நாட்டியதோடு, தோண்டிய குழியைத் தாழிகளோடு அப்படியே வைத்து மேலே கண்ணாடித் தளம் போட்ட காட்சியிடமும் திறக்கப்பட்டது.

கண்ணாடியின் மேல் நின்று காலுக்குக் கீழே தாழியைப் பார்ப்பது எழும்பூரில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்ப்பதைப் போல இல்லை. எழும்பூரில் பொருள் தன் குழியிலிருந்து பிரிந்து வந்து அலமாரியில் நிற்கிறது. இங்கே குழியும் மண்ணின் அடுக்கும் பக்கத்துத் தாழி சாய்ந்திருக்கிற விதமும் பொருளின் பகுதியாகவே இருக்கின்றன. அதாவது நிலமே இங்கே காட்சிப்பொருள். அப்படியென்றால் நான் தொடக்கத்தில் சொன்ன இரண்டு கோரிக்கைகளின் சச்சரவு இங்கே வேறு உருவம் எடுக்கிறது. எழும்பூரில் வண்டி நின்றது மியூசியத்துக்கு வெளியே. இந்தப் பரம்பில் ‘மியூசியத்துக்கு வெளியே’ என்று ஒரு இடத்தைக் காட்டுவது சுலபமில்லை.

மறுபடியும் கணக்கு. 2004, 2005 அகழாய்வில் தோண்டிய பரப்பு ஏறக்குறைய 600 சதுர மீட்டர். அதில் கிடைத்த தாழிகள் நூற்றைம்பதுக்கும் மேல். காரொன்றுக்கு 25 சதுர மீட்டர் என்ற அளவில் 600 சதுர மீட்டர் என்பது 24 கார்கள் நிற்கிற இடம். திருச்செந்தூர் போகிற வழியில் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹோட்டல் வாசலில் நிற்கிற கார்களை எண்ணினால் 24 சாதாரணமாக வந்துவிடும். அந்த அளவு தரைக்குக் கீழே நூற்றைம்பது பேருக்குமேல் தங்கள் பானையோடும் இரும்போடும் உட்கார்ந்திருந்தார்கள். ரீ காலத்திலிருந்து இந்தத் தொல்லிடத்துக்குச் சொல்லப்படுகிற பரப்பு 114 ஏக்கர். அந்த 600 சதுர மீட்டர் அதில் எழுநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ரீ தோண்டியதையும் பின்னால் தோண்டியதையும் சேர்த்தாலும் மண்வெட்டி படாத பகுதிதான் மிகுதி. நிறுத்துமிடம் என்றால் தரையைச் சமன் செய்து, சரளை கொட்டி, ரோலர் ஓட்டி இறுக்குவது. மேலாக எதுவும் அழிந்ததாகத் தெரியாது. சில அடி ஆழத்தில் சுட்ட மண் விரிசல் விட்டால் சத்தம் வராது.

சட்டம் இதை ஓரளவு யோசித்திருக்கிறது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களுக்கான 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-இல் செய்த திருத்தத்தின்படி, எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை. அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுக்குள். ஆனால் வண்டிக்குக் கட்டடம் வேண்டாம். சாலையோரத்து முள்ளை வெட்டிவிட்டால் போதும், நாலு வண்டி நின்ற இடம் நாளைக்கு நாற்பது வண்டி நிற்கிற இடமாகிவிடும். யாரும் உத்தரவு போடாமலே இது நடக்கும். நம் ஊர்களில் வழக்கம் என்பது பெரும்பாலும் அப்படித்தான் பிறக்கிறது.

இந்த இடத்தில் என்னை ஒரு தூய்மைவாதியாக நினைத்துவிடுவது எளிது. வண்டியில் வருகிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். ஏரலிலிருந்து மூன்று குடும்பம் சேர்ந்து வாடகை வேன் பிடித்து வருகிறது. நாசரேத்திலிருந்து பள்ளிக்கூட பஸ் வருகிறது. நடக்க முடியாத ஆச்சியைப் பேரன் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டி வருகிறான். தூத்துக்குடி உப்பளத்தில் ஆறு நாள் வேலை செய்கிறவனுக்கு விடுமுறையில் மூன்று பஸ் மாறிப் போய்வர நேரமில்லை. நூறு வருஷமாகப் பார்வையாளனாக மதிக்கப்படாதவன் இப்போதுதான் வருகிறான். அவனிடம் ‘வண்டியைக் கொண்டுவராதே’ என்று சொல்வது, எழும்பூருக்கு வந்து பார் என்று சொன்ன பழைய பதிலின் இன்னொரு வடிவமாகிவிடும். கார் வைத்திருப்பவன் எப்படியும் வந்துவிடுவான். தடைகள் எப்போதும் வேன்காரனைத்தான் முதலில் நிறுத்தும்.

ஆகவே வண்டி வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதில் பயனில்லை. எவ்வளவு தூரத்தில் என்று கேட்பதில் பயன் இருக்கிறது. இதற்கு நாம் பாரிஸுக்குப் போக வேண்டியதில்லை. சூரசம்ஹாரத்தன்று திருச்செந்தூரில் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். லட்சக்கணக்கில் ஜனம் நடக்கிறது. முடியாதவர்களுக்கு ஆட்டோவோ யாருடைய தோளோ கிடைக்கிறது. கோயில் நம்மைத் தூரத்திலேயே இறக்கிவிட்டு நடக்கவைப்பதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. நடக்கிற தூரமும் கோயிலைச் சேர்ந்தது என்கிற பிரக்ஞை நம்மிடம் இருக்கிறது. இடுகாட்டுக்கும் நாம் நடந்துதான் போகிறோம். மியூசியத்துக்கு மட்டும் வாசல்வரை வண்டி வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது? ஜவுளிக்கடையிலிருந்தும் கல்யாண மண்டபத்திலிருந்தும் வந்திருக்கலாம்.

வசதியும் ஓரளவு இருக்கிறது. ஆதிச்சநல்லூருக்கு மேற்கே செய்துங்கநல்லூர், கிழக்கே ஸ்ரீவைகுண்டம் என்று இரண்டு ரயில் நிலையங்கள். திருநெல்வேலி–திருச்செந்தூர் பஸ்கள் மேட்டை ஒட்டியே போகின்றன. பரம்பின் எல்லையைத் தாண்டி, தாழி இல்லை என்று சோதித்துப் பார்த்த ஒரு தரையில் வண்டிகளை நிறுத்தி, அங்கிருந்து ஒரு சின்ன வண்டியில் முதியவர்களைக் கொண்டுபோவது பெரிய செலவுள்ள காரியமில்லை. கட்டடத்தின் வரைபடத்தோடு சேர்த்து, அதற்கு முன்னாலேயே, இந்தத் தரையை முடிவு செய்தாக வேண்டும். கட்டடம் வந்த பிறகு தேடினால் பக்கத்தில் இருப்பதுதான் கிடைக்கும். பக்கத்தில் இருப்பது பரம்பு.

2025 டிசம்பரில் மாநில அரசு திருநெல்வேலி ரெட்டியார்பட்டி மலைப் பக்கம் பொருநை அருங்காட்சியகத்தைத் திறந்தது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கைப் பொருள்கள் அங்கே இருக்கின்றன. பெரிய கூட்டத்தையும் அதன் வண்டிகளையும் அந்த மலையடிவாரம் தாங்கிக்கொள்ளும். ஒரு வகையில் அது நல்ல ஏற்பாடு. பொருளைப் பார்க்க அங்கே, நிலத்தைப் பார்க்க இங்கே என்று வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். அப்படிப் பிரித்துக்கொண்டால் ஆதிச்சநல்லூர் பெரிதாக வளர வேண்டிய அவசியமே இல்லை. அங்கே இன்னும் நாலு கூடங்கள் வேண்டாம். கண்ணாடிக்குக் கீழே ஒரு குழி, சுற்றிலும் தொடாத மேடு, தூரத்தில் வண்டிகள், நடுவே ஒரு நடைபாதை, இரண்டு மூன்று நிழல் மரம். எழும்பூரின் மரத்தடியில் இழந்ததை இந்த ஆற்றங்கரையில் திரும்பப் பெற முடியும்.

மியூசியம் வளர்கிறது என்ற செய்தி இனி வரும்போதெல்லாம் எத்தனை கோடி, எத்தனை கூடம் என்பதோடு வாசகர்கள் இன்னொன்றையும் கேட்டுப் பார்க்கலாம். வண்டிகள் எங்கே நிற்கப் போகின்றன, அந்தத் தரையில் இதற்கு முன் என்ன இருந்தது, பஸ்ஸில் இறங்குகிறவன் எந்த வழியாக நடந்து வருவான். வரைபடத்தின் ஓரத்தில் சின்னக் கட்டங்களாக வரைந்திருக்கிற பகுதியில் இதற்கான பதில் இருக்கும். ஆதிச்சநல்லூரைப் பொறுத்தவரை அந்தக் கட்டங்களைப் பரம்பின் மேல் வரையாதிருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.